ஊர்ச் செய்தித்தளம் தொடங்குகிறவர்களுக்கு: ஆவணம், செலவு, நாள்கணக்கு

பேரூராட்சிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்பது தினசரியின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வந்தால் பெரிது. பல நேரம் அதுவும் வராது. அதே விஷயம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொரு விதமாகச் சுற்றும். எது உண்மை என்று விசாரித்துச் சொல்ல ஆள் இருக்காது. அந்த வேலையைச் செய்யலாம் என்றுதான் எங்கள் தாலுகாவுக்கு ஒரு செய்தித்தளம் தொடங்கினேன். ஒரு செய்தியை இணையத்தில் ஏற்றுவது ஐந்து நிமிட வேலைதான். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலைகளை ஒரே இடத்தில் சொல்லித்தர யாரும் கிடைக்கவில்லை. பதிவு செய்து தருகிறேன் என்று பணம் கேட்டவர்கள், சட்டத்தை அரைகுறையாகச் சொன்னவர்கள், 'அதெல்லாம் ஒன்றும் தேவையில்லை' என்றவர்கள் என்று பலரிடம் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தனி ஆளாகவோ, இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்தோ தொடங்குகிறவர்களுக்கானது இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சகம், தாள், விநியோகம் என்று போய்க்கொண்டிருந்த செலவு இப்போது ஏறக்குறைய இல்லை. மிச்சமாகும் பணத்தையும் நேரத்தையும் ஆவணம் திரட்டுவதில் போடுங்கள். தளத்தின் அழகு, அடையாள அட்டை, லோகோ எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. எல்லையை முடிவு செய்யுங்கள்

ஒரு ஊராட்சி ஒன்றியம், அல்லது ஒரு நகராட்சி, அல்லது ஒரு தாலுகா. இதற்கு மேல் தனி ஆளால் முடியாது. மாநில அரசியலையும் சினிமாவையும் சேர்த்துக்கொண்டால் பார்வைகள் கொஞ்சம் கூடும். ஆனால் அவற்றைத் தர ஏற்கெனவே நூறு தளங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரின் குடிநீர்த் திட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்ல நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

2. பெயர், டொமைன், தளம்

டொமைன் பெயருக்கு (தளத்தின் இணைய முகவரிக்கு) ஆண்டுக்குச் சுமார் எழுநூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆகும். முதல் ஆண்டு 99 ரூபாய், 199 ரூபாய் என்று விளம்பரம் வரும். இரண்டாம் ஆண்டுப் புதுப்பித்தல் கட்டணம் என்ன என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுதான் நிஜ விலை.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே பதியுங்கள். எனக்குத் தளம் வடிவமைத்துக் கொடுத்தவர் தன் கணக்கில் பதிந்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் 'அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன்' என்று இழுத்தடித்தார். டாட் காம் டொமைனைப் பதிந்த முதல் 60 நாள்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. அதற்குப் பிறகும், கணக்கை வைத்திருப்பவர் அதை மாற்றுவதற்கான குறியீட்டைக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். பணம் கொடுத்தது நீங்கள் என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை. கணக்கு யாருடையதோ அவர்தான் உரிமையாளர்.

தளத்துக்கு ஆரம்பத்தில் கூகுளின் ப்ளாகரே போதும். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடத்துக்கான) கட்டணம் இல்லை, சொந்த டொமைனை இணைத்துக்கொள்ளலாம், ஒரே நாளில் கூட்டம் குவிந்தாலும் படுத்துவிடாது. வேர்ட்பிரஸ் இன்னும் வசதிதான். ஆனால் அதற்கு ஹோஸ்டிங் செலவு உண்டு. ப்ளகின்களை (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் சிறு மென்பொருள்களை) புதுப்பிக்காமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். ஆறு மாதம் விடாமல் எழுத முடிகிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

ப்ளாகரில் ஒரு சிக்கல். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், பதிவின் முகவரியை அது 'ப்ளாக்-போஸ்ட்' என்று ஒரு எண்ணோடு தானே வைத்துவிடும். பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம். வெளியிடும் முன்பே முகவரிக்கான கட்டத்தில் ஊர், பொருள், ஆண்டு மூன்றையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக அடித்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் அதுவரை பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் உடைந்துபோகும்.

3. யாரிடம் பதிவு செய்ய வேண்டும், யாரிடம் வேண்டாம்

அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'உங்கள் இணையதளத்தை ஆர்.என்.ஐ.-யில் பதிவு செய்து தருகிறோம்' என்று ஏஜென்ட்டுகள் வருவார்கள். ஆர்.என்.ஐ. என்பது மத்திய அரசின் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம். அந்தப் பதிவு அச்சுப் பத்திரிகைகளுக்கானது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதுவும் அச்சிடப்படும் இதழ்களுக்குத்தான். இணையத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு அந்தப் பதிவு கிடையாது. இதற்குக் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

அடுத்தது பிரஸ் கார்டு. ஒரு தொகை கட்டினால் அட்டை, வண்டிக்கு ஸ்டிக்கர், 'மாவட்டச் செய்தியாளர்' என்று நியமனக் கடிதம் எல்லாம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசின் அங்கீகார அட்டை என்பது வேறு. அது செய்தி மக்கள் தொடர்புத் துறை தனக்குள்ள விதிகளின்படி கொடுப்பது. காசுக்கு வாங்கும் அட்டையைக் காவல் நிலையத்தில் காட்டினால் சிக்கல் உங்களுக்குத்தான். நான் இங்கே சொல்லப்போகும் எந்த வேலைக்கும் அட்டை தேவைப்படாது. கிராம சபையில் உட்கார ஊர்க்காரராக இருந்தால் போதும். தகவல் கேட்க இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும்.

இனி, உண்மையிலேயே செய்ய வேண்டியது. 2021 பிப்ரவரி 25 அன்று மத்திய அரசு அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தொழிலாகவோ வணிகமாகவோ முறையாகச் செய்தி வெளியிடாத தனிநபரை அது சேர்க்கவில்லை. எப்போதாவது முகநூலில் எழுதுகிறவருக்கு இது பொருந்தாது. விளம்பரம் வாங்கி, தினமும் செய்தி போடுகிற தளத்துக்குப் பொருந்தும்.

18-ஆவது விதிப்படி, தொடங்கிய 30 நாள்களுக்குள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு உங்கள் விவரங்களைத் தெரிவிக்க வேண்டும். தளத்தின் பெயர், முகவரி, மொழி, சமூக ஊடகக் கணக்குகள், தொடர்பு விவரம், குறைதீர் அலுவலர் யார் என்பவைதான் முக்கியம். மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம், கட்டணம் இல்லை. இது அனுமதி கேட்பது ஆகாது, தெரிவிப்பது மட்டும்தான். அதனால் 'அனுமதிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

குறைதீர் அலுவலர் என்றதும் பயப்பட வேண்டாம். நீங்களே இருக்கலாம், இந்தியாவில் வசிக்க வேண்டும், அவ்வளவுதான். பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் போடுங்கள். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில், 15 நாள்களுக்குள் முடிவு. வந்த புகார்களையும் எடுத்த நடவடிக்கையையும் மாதம் ஒருமுறை தளத்திலேயே போட வேண்டும். புகாரே வராத மாதத்தில் 'இந்த மாதம் புகார் இல்லை' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இந்த விதிகளில் நெறிமுறை, கண்காணிப்பு பற்றிய 9(1), 9(3) ஆகிய பகுதிகளைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்பதைச் சென்னை உயர்நீதிமன்றமும் அடுத்த மாதமே குறிப்பிட்டது. 'அப்படியானால் எதுவும் செய்ய வேண்டாம்' என்று சிலர் சொல்கிறார்கள். பம்பாய் ஆணை 18-ஆவது விதியை நிறுத்தவில்லை. செலவில்லாத வேலை, செய்துவிட்டால் பின்னால் யாரும் அதைக் காரணம் காட்டி உங்களை மிரட்ட முடியாது. என் கருத்து: செய்துவிடுங்கள்.

வங்கிக் கணக்குக்காக உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) தேவைப்பட்டால் அதுவும் அரசுத் தளத்தில் முழுக்க இலவசம்தான். தேடும்போது முதலில் வரும் விளம்பர இணைப்புகள் தனியாருடையவை. அரசுத் தளம் போலவே வடிவமைத்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும்.

4. கேட்காமலே கிடைக்கும் ஆவணங்கள்

முன்பு நிருபருக்கு மட்டும் எட்டிய பல காகிதங்கள் இப்போது உங்கள் போனிலேயே திறக்கும். தினமும் காலையில் அரை மணி நேரம் இவற்றைப் பாருங்கள்.

தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் உங்கள் நகராட்சி, ஒன்றியத்தின் ஒப்பந்த அறிவிப்புகள் இருக்கும். மதிப்பு, கடைசித் தேதி, திருத்த அறிவிப்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு சில அறிவிப்புகளைத் தேடுவது சிரமம். பார்த்த அன்றே இறக்கிச் சேமித்துவிடுங்கள்.

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், தேதி கொடுத்துத் தேடலாம். பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் அதில் ஏறாது, ஏறவும் கூடாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த அறிக்கை ஒரு தரப்பின் புகார்தான். 'போலீசார் வழக்குப் பதிந்துள்ளனர்' என்று எழுதலாம். 'திருடினார்' என்று எழுதக்கூடாது.

எம்.எல்.ஏ., எம்.பி. வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரங்கள் படிவம் 26-இல், தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். நீதிமன்ற வழக்குகளின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்க்கலாம்.

இனி, நேரில் போக வேண்டிய இடம் ஒன்று: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. வரவு செலவுக் கணக்கைப் படிப்பார்கள், பல ஊர்களில் ஃப்ளெக்ஸ் போர்டிலும் எழுதி வைப்பார்கள். அந்தப் போர்டை முழுதாக ஒரு படம், ஒவ்வொரு பகுதியாகக் கிட்டத்தில் நின்று சில படங்கள் எடுத்துவிடுங்கள். மறுநாள் அது கழற்றப்பட்டுவிடும்.

5. ஆர்டிஐ: பத்து ரூபாயில் செய்தி

ஆர்டிஐ என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம்; அதன் கீழ் மனுப் போட்டு அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். உங்கள் தளத்தின் பெயர் ஊரில் நிற்கப்போவது இந்த வேலையால்தான்.

செலவு: மனுவுக்குப் பத்து ரூபாய். மாநில அரசு அலுவலகம், உள்ளாட்சி எதுவானாலும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது. அங்கே போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ தளத்தில் இணையவழி கட்டலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் அனுப்பிய மனுக்கள்தான் அதிகம் திரும்பி வருகின்றன. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். தபாலோடு சேர்த்து ஒரு மனு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, சேர்ந்த தேதியைக் கண்காணிப்புப் பக்கத்தில் பார்த்துப் படம் பிடித்து வையுங்கள். நாள்கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

கேள்வி எழுதும் விதம்: 'ஏன் சாலை சரியில்லை?' என்று கேட்டால் பதில் வராது. சட்டப்படி அவர்களிடம் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். காரணமும் விளக்கமும் கேட்க முடியாது. இப்படி எழுதுங்கள்:

'…… பேரூராட்சி 7-ஆவது வார்டு, …… தெருவில் 2023–24 நிதியாண்டில் நடந்த சிமென்ட் சாலைப் பணி தொடர்பாகக் கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றொப்பமிட்ட நகல்கள் தேவை: நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக்கில் இந்தப் பணிக்கான பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பில்.'

இதில் உயிர்நாடி எம்-புக்தான். வேலை முடிந்ததும் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம் அது. நீளம், அகலம், கனம் மூன்றும் தனித்தனிப் பத்திகளில் இருக்கும். அவற்றைப் பெருக்கி வரும் கன அளவுக்குத்தான் பணம். நகல் கிடைத்ததும் ஒரு டேப்பும் துணைக்கு ஒரு ஆளும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். நீளத்தையும் அகலத்தையும் நேராக அளந்துவிடலாம். கனத்தைப் பார்க்க, சாலை ஓரத்தில் மண் அரித்து விளிம்பு வெளியே தெரிகிற இடத்தைத் தேடுங்கள். அங்கே ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். எம்-புக் பக்கம், அளவெடுத்த படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுச் செய்தி எழுதினால், படிக்கிறவர் தானே போய் அளந்து பார்த்துக்கொள்ள முடியும். அச்சுப் பத்திரிகையில் இதற்கு இடம் கிடைக்காது. இணையத்தில் முழு ஆவணத்தையும் போட இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நாள்கணக்கு: பதிலுக்கு 30 நாள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்களே ஐந்து நாளில் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். 30 நாள் தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) பிரிவு சொல்கிறது. நகல் கட்டணம் கேட்டால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதே துறையின் மேல் அலுவலரிடம், கட்டணம் இல்லாமல். அவருக்கு 30 நாள், காரணம் சொன்னால் 45 நாள் வரை. அதிலும் நடக்காவிட்டால் 90 நாள்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். எனவே ஒரு மனுவை நம்பி உட்காராமல், மாதத்துக்கு மூன்று நான்கு மனுக்கள் போட்டு ஒரு நோட்டில் தேதி எழுதி வையுங்கள். என் அனுபவத்தில் முதல் மேல்முறையீடு போட்ட பிறகு நிறைய காகிதங்கள் நகர்ந்திருக்கின்றன. முப்பத்தொன்றாம் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

பொறிகள் சில. அலுவலகத்திலிருந்து போன் வரும்: 'இது எதுக்கு உங்களுக்கு?' காரணம் சொல்லத் தேவையில்லை, 6(2) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. மரியாதையாக 'எழுத்தில் பதில் கொடுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். 'நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அழைத்தால் போகலாம், குறிப்பெடுக்கலாம். ஆனால் 'தகவல் கிடைத்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். மறுப்பதாக இருந்தால் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்று அவர்கள் எழுத வேண்டும். தனிநபர் விவரம் என்று காட்டி மறுப்பது இப்போது கூடியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கை விரிவாக்கியிருக்கிறது. ஆகவே பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் போன்றவற்றைவிட, வேலை, அளவு, தொகை பற்றிய ஆவணங்களைக் கேளுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். மனுவில் இருக்கும் வீட்டு முகவரி யாரைப் பற்றிக் கேட்கிறீர்களோ அவர் கைக்கும் போய்விடலாம். மணல், நிலம், ஒப்பந்தம் போன்ற விஷயங்களில் இது ஆபத்து. தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த வேலை செய்கிறவர்கள் இந்தச் செலவுக்கு யோசிக்கக் கூடாது.

6. வாட்ஸ்அப்பில் வந்த படம்

மழைக்காலத்தில் உங்கள் தளத்துக்கு அதிகம் பேர் வரப்போவது 'நாளை பள்ளி விடுமுறையா?' என்று பார்க்கத்தான். போலி அறிவிப்புகள் அதிகம் வருவதும் அப்போதுதான். போன வருடத்து அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள். கலெக்டரின் அதிகாரப்பூர்வக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் கேளுங்கள். அதுவரை போடாதீர்கள். பத்து நிமிடம் பிந்தினால் ஒன்றும் குறையாது. தவறாகப் போட்டால் நூறு பிள்ளைகள் வீட்டில் இருந்துவிடுவார்கள், அல்லது மழையில் நனைந்துகொண்டு பூட்டிய பள்ளிக்குப் போய் நிற்பார்கள்.

படமென்றால் கூகுள் லென்ஸிலும் டின்ஐ தளத்திலும் போட்டுப் பழைய படமா என்று தேடுங்கள். காணொளியென்றால் நிறுத்தி நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவற்றைத் தேடுங்கள். கடைப் பலகையின் எழுத்து, வண்டி எண், பேருந்தின் நிறம் இவை ஊரைக் காட்டிக்கொடுக்கும். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் பரவி, தொழிலாளர்கள் பயந்துபோனார்கள். அவற்றில் பலவும் வேறு ஊர்களில், வேறு காரணத்துக்கு நடந்த பழைய சம்பவங்கள். 2015 சென்னை வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக ஒரு செய்தி ஓடியது. பண்ணையே மறுக்க வேண்டியதாயிற்று. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

படம் அனுப்புகிறவரிடம் 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று சொல்லிப் பழக்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் பற்றிய விவரங்கள் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக வந்தால் கோப்பு அப்படியே இருக்கும். வழக்கு என்று வந்தால், மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது மூலக் கோப்பு கையில் இருக்க வேண்டும்.

7. எழுத்துரு

அரசு அலுவலகங்களின் செய்திக்குறிப்பு இன்னும் வானவில் எழுத்துருவில் வருவது உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கல் போல ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பு, கால் வாங்கிய எழுத்துகளையும் பெயர்களின் முன்னெழுத்துகளையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறங்கள். தமிழை ஓரளவு நன்றாகவே படித்துக் கொடுக்கும். எண்களை மட்டும் நம்பாதீர்கள். 3-ம் 8-ம் மாறினால் லட்சங்கள் மாறிவிடும்.

8. எதை வெளியிடவே கூடாது

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 72-ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தையென்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு இன்னும் விரிவானது: பெயர், முகவரி, படம் மட்டுமில்லை, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என எதன் மூலம் அடையாளம் தெரிந்தாலும் தண்டனை உண்டு. மாநிலப் பத்திரிகை ஒரு கிராமத்தின் பெயரைப் போடலாம், சென்னையில் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வாசகர் பக்கத்துத் தெருக்காரர். கிராமத்தின் பெயரும் வகுப்பும் போட்டாலே அவருக்கு யாரென்று தெரிந்துவிடும். கைதானவர் உறவினர் என்றால் அவர் பெயரைப் போடுவதும் அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த இடத்தில் மட்டும் எவ்வளவு குறைவாக எழுதினாலும் சரி.

தற்கொலைச் செய்தியில் முறை, இடம், கடிதம், படம் வேண்டாம். 104, டெலி மானஸ் 14416 ஆகிய உதவி எண்களைக் கட்டாயம் போடுங்கள்.

அவதூறு இப்போது அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு; இரண்டு ஆண்டு வரை சிறை. உண்மையாக இருந்து, பொது நன்மைக்காகவும் இருந்தால் விலக்கு உண்டு. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒருவர் மேல் குற்றச்சாட்டு எழுதும் முன் அவரிடம் எழுத்தில் கேள்வி அனுப்பி, குறைந்தது ஒரு நாளாவது கொடுங்கள். கேட்ட நேரம், பதில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் வந்தால் வெட்டாமல் போடுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் உடனே செய்தியை நீக்கிவிடாதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அன்றே காட்டுங்கள். தளம் தொடங்கும்போதே அப்படி ஒருவரைப் பார்த்துப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கூகுளில் கிடைக்கும் படம் எல்லாம் இலவசம் இல்லை. விக்கிமீடியா காமன்ஸ் படங்களை, எடுத்தவர் பெயரும் உரிமக் குறிப்பும் போட்டுப் பயன்படுத்தலாம். ஊர்ச் செய்திக்கு நீங்களே எடுத்த படம்தான் சரி.

9. பணம்

முதல் ஆண்டில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தளத்தில் விளம்பரம் போட்டு அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களை ஏற்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். கதவு எண்ணும் பின்கோடும் துல்லியமாக இருக்கட்டும், தபால்காரரிடமும் சொல்லி வையுங்கள். நான்கு மாதத்துக்குள் எண்ணை உள்ளிடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். கணக்கில் உள்ள பெயர், பான் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முன்னெழுத்து வேறுபட்டால்கூட இழுபறிதான். வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தேவையான, உங்கள் வங்கிக் கிளையின் ஸ்விஃப்ட் குறியீட்டை முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். சிறிய கிளைகளில் அது இருக்காது; மாவட்டத் தலைநகரில் உள்ள கிளையின் குறியீட்டைத் தருவார்கள்.

ஊர்க் கடை விளம்பரம் இதைவிட நிலையானது. ரசீது கொடுத்து வாங்குங்கள், தளத்தில் 'விளம்பரம்' என்று தெளிவாகப் போடுங்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது; வெளிநாட்டுப் பணமும் வருவதால் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்தல் நேரத்தில் 'பேக்கேஜ்' என்று வருவார்கள்: விளம்பரம் என்று போடாமல் செய்தியாகப் போட வேண்டும், அதற்கு இவ்வளவு. வாங்கவே வாங்காதீர்கள். ஒருமுறை வாங்கினால், அதன் பிறகு நீங்கள் போடும் எம்-புக் படத்தையும் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அரசியல் விளம்பரம் வெளிப்படையாக வந்தாலும், தேர்தல் காலத்தில் அதற்கு மாவட்ட ஊடகச் சான்றளிப்புக் குழுவின் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

10. திருத்தமும் காப்பும்

தவறு என்று தெரிந்தால் செய்தியைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். மேலேயே, தேதியும் நேரமும் போட்டு, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன மாறியது என்று எழுதுங்கள். பழைய ஸ்கிரீன்ஷாட் எப்படியும் யாரோ ஒருவரிடம் இருக்கும். அதே குழுக்களில் திருத்தத்தையும் பகிருங்கள்.

ஆவணங்களை ஏற்றும் முன் செல்போன் எண், ஆதார் எண், வீட்டு முகவரி, கையெழுத்து ஆகியவற்றை மறையுங்கள். பி.டி.எஃப். மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் போதாது. அதை நகர்த்திவிட்டு அடியில் உள்ளதைப் படித்துவிட முடியும். மறைத்த பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்தை ஏற்றுங்கள். மறைக்காத மூலம் உங்களிடம் தனியாக இருக்கட்டும்.

வெளியிட்டவற்றைக் குறைந்தது 60 நாளாவது பாதுகாக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் என்றைக்கும் பாதுகாத்து வையுங்கள். ப்ளாகர் அமைப்புகளில் மாதம் ஒருமுறை முழுக் காப்புக் கோப்பை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் போடுங்கள். முக்கியமான செய்தியை வெளியிட்ட உடனே, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் அரசுப் பக்கத்தையும் அதே நேரத்தில் சேமியுங்கள், பிறகு அது காணாமல் போகலாம்.

கூகுள் கணக்குக்கும் டொமைன் கணக்குக்கும் இருபடிச் சரிபார்ப்பு போட்டு, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, நம்பகமான இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். டொமைன் புதுப்பிக்க வேண்டிய தேதியும் அவர் போனில் இருக்கட்டும்.